மூன்று வருடமாக வலிக்கிறது

அன்புள்ள என்று எழுதி அடித்துவிட்டேன். உன்மேல் எனக்கு இப்போது அன்பு வரவில்லை, எரிச்சல்தான் வருகிறது. அது தணிந்த பிறகு எழுதலாம் என்றால் திங்கட்கிழமை எனக்கு ஆப்பரேஷன், அதற்குள் நீ இதைப் படித்தாக வேண்டும். போனில் சொல்ல ஆரம்பித்தால் "மீட்டிங்ல இருக்கேன்மா" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது பார். ஒளித்து வைத்துப் படிக்கவும் வேண்டாம். உன் இன்சூரன்ஸ் ஆபீஸில் உன் வரிசையில் உட்கார்ந்து ஊரார் ஆஸ்பத்திரிக் காகிதங்களைப் புரட்டிக்கொண்டிருக்கிறார்களே, அவர்களுக்கும் காட்டு. அவர்களையும் ஒருத்தி பெற்றுத்தான் இருப்பாள்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ பேசியதை அப்படியே எழுதுகிறேன். பிறகு நான் அப்படிச் சொல்லவில்லை என்று மழுப்பக் கூடாது. பித்தப்பையில் கல், எடுத்தே ஆக வேண்டும் என்று டாக்டர் சொன்னதிலிருந்து எல்லா ஏற்பாட்டையும் நீதான் செய்தாய். உன் வேலையில் கொடுத்த இன்சூரன்ஸில் என் பெயரைச் சேர்த்து எட்டு மாதம் ஆகிறது, அதிலேயே பார்த்துக்கொள்ளலாம், மெயின் ரோட்டில் நல்ல ஆஸ்பத்திரியாகப் பார்த்துவிட்டேன் என்றாய். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அப்புறம் குரலைத் தாழ்த்தினாய். "அம்மா, நல்லா கேட்டுக்கோ. எவ்ளோ நாளா வலின்னு டெஸ்க்ல கேப்பாங்க. பத்து நாளான்னு சொல்லு. அதுக்கு முன்னாடி ஒண்ணுமே இல்லன்னு சொல்லு. டியூட்டி டாக்டர் கேட்டாலும் அதான், நர்ஸ் கேட்டாலும் அதான். பழைய மாத்திரைச் சீட்டு ஏதாச்சும் இருந்தா எட்துனு போவாத" என்றாய். "மூணு வருசமா வலிக்குதேடா" என்றேன். "அத சொன்னீனா கிளைம் நிக்காதும்மா. பழைய நோவுன்னு போட்டுருவாங்க. நான் தெனம் பாக்கறவன், எனக்குத் தெரியாதா?" என்றாய்.

தினம் பார்க்கிறவன். அந்த வார்த்தை எனக்கு உறைத்தது. ஏனென்றால் அதற்கு முந்தின நாள்தான் ஸ்டெல்லா ஒரு கடிதத்தை எடுத்துக்கொண்டு நம் வீட்டுக்கு வந்திருந்தாள். கர்ப்பப்பையில் கட்டி என்று அவளுக்கு ஆப்பரேஷன் ஆகி ஒன்றரை மாதம்கூட ஆகவில்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டே நடந்து வந்தாள். "இன்னாக்கா எழுதிக்கீறாங்க இதுல? பணம் வருமா, வராதா?" என்றாள். இன்சூரன்ஸ்காரர்கள் அனுப்பிய இங்கிலீஷ் கடிதம். எழுத்துக்கூட்டி, போனில் போட்டுப் பார்த்து, ஒருவழியாகப் புரிந்துகொண்டேன். பல வருடங்களாக இந்த உபாதை இருப்பதாக நோயாளியே சேரும்போது சொல்லியிருப்பதால் பணம் தருவதற்கில்லை என்று இருந்தது. "நானே சொன்னேனாமா? ரொம்ப வருசமா உதிரம் போவுது சார், செத்துப் பொழைக்கிறேன்னு சொன்னேன். அதுக்கா?" என்றாள். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் கடிதத்தின் தலையைப் பார்த்தேன். அங்கே இருந்த கம்பெனிப் பெயரும் உன் கழுத்தில் தொங்குகிற அட்டையில் இருக்கும் பெயரும் ஒன்று. அதை அவள் கவனித்திருக்கிறாள். "உன் புள்ள இதே வேலைலதான கீறான்? அவனாண்ட ஒரு வார்த்த கேளேன்கா. தம்பி சொன்னா நடக்கும்" என்றாள்.

அதைத்தான் ஞாயிற்றுக்கிழமை உன்னிடம் கேட்டேன். "என் டேபிளுக்குத்தான்மா வந்துச்சு. பேரு, அட்ரஸ் எல்லாம் பாத்தேன். ரூல் அதுதான். அவங்களே அப்படிச் சொல்லிக்கீறாங்க, நான் இன்னா பண்ண முடியும்?" என்றாய். அவளுக்கு ஒரு ரூல். உன் அம்மாவுக்குப் பத்து நாள் வலி என்று சொல்லிக்கொடுக்கிற டியூஷன். நல்ல உத்தியோகம் பார்க்கிறாய் தம்பி.

ஸ்டெல்லா யார் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் மறந்தவனுக்குச் சொல்வதுபோல் சொல்கிறேன், கேள். சேரப்பணஞ்சேரியில் நமக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கிறவள். நானும் அவளும் வல்லம் வடகாலில் ஒரே கம்பெனியில் காருக்கு ஒயர் கட்டுகிற லைனில் கான்ட்ராக்டில் வேலை பார்த்தோம். நான் காலை ஷிப்ட் என்றால் அவள் மதியம், அவள் காலை என்றால் நான் மதியம். சூப்பர்வைசரிடம் கெஞ்சி அப்படி மாற்றி வாங்கிக்கொண்டோம், உன்னையும் அவள் பெண்ணையும் பார்த்துக்கொள்ள யாராவது ஒருத்தி வீட்டில் இருக்க வேண்டும் என்று. நீ ஏழாவது படிக்கும்போது உனக்கு ஜுரம் வந்தது. எனக்கு லீவு கிடைக்கவில்லை. அவள்தான் உன்னைப் பஸ்ஸில் தூக்கிப்போட்டுக்கொண்டு படப்பைக்குப் போனாள். கூட்டமான கூட்டம். இரண்டு நாள் ஜுரம் என்று உள்ளதைச் சொன்னால் மாத்திரையைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள் என்று, "அஞ்சு நாளா ஜுரம் சார், புள்ள கண்ணே தொறக்கல" என்று ஒரே அழுகை. டாக்டர் பயந்துபோய் ரத்தம் எடுக்கச் சொன்னார். டெங்கு. அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அவள் கூட்டிச் சொன்ன அந்த மூன்று நாளில்தான் நீ உயிரோடு இருக்கிறாய். அதே வாய்தான் இப்போதும் கூட்டிச் சொன்னது. அதைத்தான் நீ பிடித்துக்கொண்டாய்.

எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு இது பழகிப்போன வேலை. நூறு பேர் நிற்கிற வரிசையில் நம் வலியைக் கொஞ்சம் பெரிதாகச் சொன்னால்தான் எதிரில் இருப்பவர் தலையை நிமிர்த்திப் பார்ப்பார் என்று கற்றுக்கொண்டவர்கள் நாங்கள். ஒரு வாரத்தை ஒரு மாதம் என்போம், ஒரு வருடத்தை ரொம்ப வருடம் என்போம். அதில் சூது இல்லை, தம்பி. பயம்தான். இதே ரோட்டில் கண்ணாடிக் கதவு போட்ட ஆஸ்பத்திரி வரும், அங்கே வலியைச் சின்னதாகச் சொன்னால்தான் வைத்தியம் என்று எங்களுக்கு யார் சொன்னது? ஒருத்தரும் சொல்லவில்லை. உனக்குத் தெரியும். நீ உன் அம்மாவுக்கு மட்டும் சொன்னாய்.

இப்போது என் தப்புக்கு வருகிறேன். இதை எழுதாமல் உன்னை மட்டும் திட்டினால் நான் யோக்கியமானவள் இல்லை. உன் அப்பா கம்பெனி பஸ் ஓட்டிக்கொண்டிருந்தபோது காலில் புண் வந்து படுத்தாரே, அப்போது நீ பதினொன்றாவது. பஸ் முதலாளி எல்லா டிரைவர்களுக்கும் சேர்த்து நான்கு வருடத்துக்கு முன்பே ஒரு பாலிசி போட்டிருந்தார். அந்த தைரியத்தில் தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனோம். எத்தனை வருடமாகச் சுகர் என்று மேசையில் இருந்த பெண் கேட்டாள். கம்பெனி மருத்துவ முகாமில் சுகர் என்று கண்டுபிடித்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. நான் "பத்து வருசமா கஷ்டப்படறாரும்மா" என்றேன். நீ என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாய், அவ்வளவு உயரம் வளர்ந்த பிறகும். அவள் எழுதிக்கொண்டாள். நான்கு நாள் அனுமதி வரும் வரும் என்று படுக்க வைத்திருந்தார்கள். ஐந்தாம் நாள், பாலிசிக்கு முந்தின நோய், மறைத்துவிட்டீர்கள், பணம் வராது என்றார்கள். அங்கிருந்து அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே டாக்டர் பார்த்துவிட்டு, "நாலு நாள் முன்னாடி வந்திருந்தா விரலோட போயிருக்கும்மா" என்றார். முட்டிக்குக் கீழே எடுத்தார்கள். அதற்குப் பிறகு உன் அப்பா இரண்டு வருடம் இருந்தார். ஸ்டியரிங்கைத் தொடவே இல்லை.

தப்பு நான் பத்து வருடம் என்று சொன்னதில் இல்லை. அது தெரியாமல் செய்தது. தெரிந்து செய்த தப்பு அதற்கப்புறம். ஆறேழு வருடம், சோறு போடும்போதும் துணி துவைக்கும்போதும், "இந்த வாயை மூடினு இருந்திருந்தா உங்கப்பா நடந்துனு இருப்பாரு" என்று உன் காது கேட்கச் சொல்லிக்கொண்டே இருந்தேன். ஏழைகள் வாயைத் திறந்தால் கெட்டோம், உள்ளதைச் சொல்லக் கூடாது, கெட்டிக்காரனாக இருக்க வேண்டும் என்று உனக்குள் ஊற்றி ஊற்றி வளர்த்தேன். அந்த மேசைக்கு எதிரில் நின்றவர்களுக்கு நடந்தது அநியாயம் என்று உனக்கு நான் ஒரு நாளும் சொல்லவில்லை. நாம் ஏமாளியாக இருந்துவிட்டோம் என்றுதான் சொன்னேன். நீ பார்மசி படித்து, மேசைக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டாய். வேலை கிடைத்த அன்று நான் தெருவெல்லாம் லட்டு கொடுத்தேன். முதல் லட்டு ஸ்டெல்லாவுக்கு.

பொங்கலுக்கு வந்திருந்தபோது நீயும் உன் மாமாவும் போட்ட சண்டையையும் இப்போதுதான் சரியாக நினைத்துப் பார்க்கிறேன். என் தம்பி யூனியன்காரன், சத்தமாகத்தான் பேசுவான். "பெர்மனன்ட்டுக்கு ஏசி ரூம்பு, கான்ட்ராக்ட்டுக்கு வராண்டாவா? ஒரே லைன்ல ஒரே ஸ்க்ரூவ முடுக்கறானுங்க. நாட்டுல கீற எல்லாத்துக்கும் ஒரே கார்டு குடு, எந்த ஆஸ்பத்திரிக்கு வேணா போவட்டும்" என்றான். நீ சிரித்தாய். "யாரு கட்டறது மாமா? நூறு ரூபா செலவுக்கு நானூறுன்னு பில்லு போடற ஆஸ்பத்திரி எத்தினி தெரியுமா? நோவு வந்தப்புறம் பாலிசி எடுக்கறவன் எத்தினி பேரு? ஒரு பொய்க் கிளைம நான் உட்டேன்னா, ஒழுங்கா கட்டற பத்து பேருக்கு அடுத்த வருசம் ஏத்துவான். நான் காப்பாத்தறது அவங்கள" என்றாய். நான் உன் இலையில் இன்னொரு கரண்டி பொங்கல் வைத்தேன், ஜெயித்துவிட்டான் என் பிள்ளை என்று.

இன்றைக்கும் நீ சொன்னதில் பாதி நியாயம்தான். ஏமாற்றுகிறவன் இருக்கிறான், பில்லை ஊதுகிற ஆஸ்பத்திரி இருக்கிறது, கண்ணை மூடிக்கொண்டு கொடுத்தால் பானை காலியாகும், எனக்கும் தெரியும். ஆனால் நீ பிடிப்பது அவர்களையா? அவர்கள் உன்னைவிடப் படித்தவர்கள், எந்தக் கேள்விக்கு எந்தப் பதில் என்று அவர்களுக்குத் தெரியும். உனக்கு அகப்படுவது ஸ்டெல்லாதான். டாக்டர் வைத்தியம் பார்க்கக் கேட்கிறார் என்று நம்பி அவள் வாய்விட்டு அழுததை, பணம் கொடுக்காமல் இருக்க நீ எடுத்துக்கொண்டாய். இன்சூரன்ஸைத் திருத்த வேண்டும், திருத்த வேண்டும் என்று டிவியில் எல்லாரும் கத்துகிறார்கள். என்னைக் கேட்டால் ஒன்றே ஒன்று சொல்வேன். கேட்கிறவர் எதற்காகக் கேட்கிறார் என்று சொல்லிவிட்டுக் கேட்கட்டும். உடம்புக்குக் கேட்டதைப் பணத்துக்குத் தூக்கிக்கொண்டு போகக் கூடாது. பழைய நோயா இல்லையா என்று தெரிய வேண்டுமா, ஸ்கேனைப் பார், ரத்தத்தைப் பார், எந்தத் தேதியில் யார் எழுதினார்கள் என்று பார். பயந்துபோன ஒருத்தி சொன்ன ஒற்றை வாக்கியத்தைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடாதே.

"மூணு வருசமா ஏம்மா காட்டல?" என்று நீ அன்றைக்குக் கேட்டாய் அல்லவா? உனக்கு அது தெரியாது என்பதே எனக்கு அசிங்கமாக இருக்கிறது. லைனில் பதினொரு மாதம் ஆனதும் கான்ட்ராக்டர் பிரேக் கொடுப்பான். இருபது நாள், ஒரு மாதம் வீட்டில் உட்கார வைத்துவிட்டுப் புதுசாகச் சேர்ந்தவள் என்று மறுபடி எடுப்பான், தொடர்ந்து வேலை பார்த்தேன் என்று யாரும் கேட்டுவிடக் கூடாது அல்லவா. அவன் எங்களுக்குக் கொடுத்த இன்சூரன்ஸ் அட்டையும் பிரேக்கில் செத்துப்போகும், பிறகு முதலிலிருந்து. வேலை இருக்கும் மாதம் லீவு கிடையாது. லீவு இருக்கும் மாதம் அட்டை கிடையாது. வலி வந்தால் லைனிலேயே குனிந்து நின்றுகொண்டு, ஸ்டெல்லா கொடுத்தனுப்புகிற ஜெலுசிலை வாயில் போட்டுக்கொள்வேன். இப்போது என்னை வேலையை விட்டே அனுப்பிவிட்டார்கள், அதனால் உன் அட்டை. உன் வரிசைக்காரர்களிடம் இதையும் சொல். பழைய நோய் என்று ஒரு வார்த்தையில் எழுதுகிறீர்களே, அது பழசாக ஆவதற்கு நாங்கள் எத்தனை ஷிப்ட் நின்றோம் என்று அந்தக் காகிதத்தில் கட்டம் இருக்கிறதா என்று கேள்.

சரி, திட்டியது போதும், காரியத்துக்கு வருகிறேன். ஸ்டெல்லா வீட்டில் போய் அவளுடைய பழைய காகிதங்களையெல்லாம் வாங்கிப் பார்த்தேன். கட்டி இருக்கிறது என்று முதன்முதலில் எழுதிய ஸ்கேன், அவள் மகள் தன் பாலிசியில் அவளைச் சேர்த்த பிறகு எடுத்தது, நான்கு மாதம் கழித்து. அதற்கு முன்னால் அவள் எந்த டாக்டரிடமும் இதற்காகப் போனதில்லை, போக முடிந்திருந்தால்தானே. அதைப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்பியிருக்கிறேன். நோயாளி கூட்டிச் சொன்னது, ஸ்கேன் தேதி இது, மறுபடி பார்க்கவும் என்று எழுத உனக்கு அதிகாரம் இருக்கிறது. இல்லை என்று சொல்லாதே. போன தீபாவளிக்கு உன் மேனேஜரின் மச்சான் கிளைமைத் திறந்து பாஸ் பண்ணியதை நீதான் சிரித்துக்கொண்டே எனக்குச் சொன்னாய். ஆப்பரேஷன் பில்லைக் கட்டி ஸ்டெல்லாவை வீட்டுக்குக் கூட்டிவர அவள் மகள் தன் கல்யாணத்துக்கு வைத்திருந்த சங்கிலியை அடகு வைத்திருக்கிறாள். தை மாதம் கல்யாணம். நீ அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டு வளர்ந்தாய்.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு என்னை வரச் சொல்லியிருக்கிறார்கள். நீ லீவு போட முடியாது என்று சொல்லிவிட்டாய், அதனால் என்னோடு வருவது ஸ்டெல்லாதான். தையல் இன்னும் சரியாக ஆறவில்லை, வேண்டாம்டி என்றேன். "நீ தனியா போவியாக்கா? போ போ" என்று என் மாற்றுப்புடவையை அவளே பையில் வைத்துவிட்டாள். மேசையில் எவ்வளவு நாளாக வலி என்று கேட்பார்கள். அவள் என் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பாள். அவள் காதுபடப் பத்து நாள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. கூட்டியும் சொல்ல மாட்டேன், குறைத்தும் சொல்ல மாட்டேன். மூன்று வருடமாக வலிக்கிறது என்பேன். அவர்கள் எழுதிக்கொள்ளட்டும். அந்தக் காகிதம் நான் ஆஸ்பத்திரி உடுப்பை மாற்றுவதற்குள் உன் ஆபீஸுக்கு வந்துவிடும் என்று நீயே சொல்லியிருக்கிறாய். வரட்டும். என் பெயரைப் பார்த்ததும் பக்கத்து மேசைக்குத் தள்ளிவிடாதே. அவளுடையதைத் திறந்திருந்தால் என்னுடையதையும் நியாயமாகப் பார். திறக்கவில்லை என்றால், அவளுக்கு எழுதிய அதே வரியை எனக்கும் எழுதி அனுப்பு. நான் அரசு ஆஸ்பத்திரி வரிசையில் போய் நின்றுகொள்கிறேன், உன் அப்பாவை அவர்கள்தான் இரண்டு வருடம் வைத்துக் காப்பாற்றினார்கள்.

இன்னொன்று. சனிக்கிழமையிலிருந்து தினம் காலையில் தண்ணீர் பிடிக்க வரும்போதெல்லாம் ஸ்டெல்லா கேட்கிறாள், "தம்பியாண்ட கேட்டியாக்கா?" என்று. உன் டேபிளுக்குத்தான் வந்தது என்று நீ சொன்னதை மறைத்து, கேட்கிறேன், கேட்கிறேன் என்று ஐந்து நாளாகப் பொய் சொல்கிறேன். திங்கட்கிழமை மேசையில் உள்ளதைச் சொல்லிவிட்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்த பிறகு அவள் மறுபடி கேட்பாள். அப்போது அதற்கும் உள்ளதைத்தான் சொல்வேன்.